கதவுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. நானும் சுகம்தான். பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. உன் அப்பா கடையில் தையல் மெஷினோடு இருக்கிறார். "எழுதி என்ன செய்யப் போற, சனிக்கிழமை வருவான்தானே, நேர்ல சொல்லு" என்கிறார். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் வாசி. பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எழுத்தில் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று பார். பல்கலைக்கழகத்தில் கணினிப் போதனாசிரியராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கலைப்பீடத்து முதலாம் வருடப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள். "ஆர்ட்ஸ் புள்ளைகளுக்கு இத சொல்லிக் குடுக்கிறதே வேஸ்ட் அம்மா. தமிழும் வரலாறும் படிக்க வந்ததுகளுக்கு இது எதுக்கு? மண்டையில ஏறாது" என்றாய். வேறு பீடத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருப்பதாகவும், உங்கள் பிரிவுப் பெரியவர் லீவு முடிந்து வந்ததும் திங்கட்கிழமை கொடுக்கப் போவதாகவும் சொன்னாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கதை. ஒரு பிள்ளை செருப்பை லேபுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தாளாம். கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருந்தாளாம். ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நீ கேட்டதற்கு, "சேர் இன்னும் சொல்லலிங்களே" என்றாளாம். வகுப்பே சிரித்தது என்றாய். நீயும் சிரித்தாய் என்றாய். சொல்லும்போது மறுபடியும் சிரித்தாய். எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டேன், நம் பக்கம்தான் போலிருக்கிறது என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை.

அந்தச் செருப்பை எனக்குத் தெரியும். எந்த நிறம், என்ன விலை என்று தெரியாது. ஆனால் அது எந்தக் கதவுக்கு வெளியே முதன்முதலில் கழற்றப்பட்டது என்று தெரியும். நீ இரத்தினபுரியில் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு, ஓ.எல். படித்த வருடம் அது. றக்வானை மலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் நம் பள்ளிக்கூடத்துக்கு ஏழு கம்ப்யூட்டர் வந்தது. நம் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை, கணிதத்துக்கு ஆசிரியர் வந்தால் மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிப் போய்விடுவார். உயர்தரம் என்று இருந்தது கலைப்பிரிவு ஒன்றுதான். உன்னை டவுனுக்கு அனுப்பியதே அதற்காகத்தான். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில், உயர்தரம் படிக்கும் எல்லாரும் தகவல் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. யார் படிப்பிப்பது? அதிபர் ஸ்டாஃப் ரூமை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பயிற்சி சிங்களத்தில் நடக்கப் போகிறது, சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். இருபது வருடம் புவியியல் படிப்பித்தவளைச் சிங்களம் தெரிந்த ஒரே குற்றத்துக்காகக் கம்ப்யூட்டர் டீச்சர் ஆக்கினார்கள்.

இரத்தினபுரியில் பதினைந்து நாள் பயிற்சி. ஒரு மெஷினுக்கு நான்கு பேர். மற்றவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள், நான் பின்னால் உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஆறாவது நாள்தான் மவுஸ் என் கைக்கு வந்தது. நான் அதைத் தூக்கி, டிவி ரிமோட்டைப் பிடிப்பது மாதிரி ஸ்கிரீனுக்கு நேரே நீட்டினேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கி, "மேசே உட தியாகன்ன, மிஸ்" என்றாள், மேசை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை, மகனே. இதைக் குறித்து வைத்துக்கொள். யாரும் சிரிக்காதபோதே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மிச்ச ஒன்பது நாளும் மவுஸைத் தொடவில்லை. எழுதினேன், எழுதினேன், ஒரு மொத்தக் கொப்பி நிறைய எழுதினேன். பஸ்ஸில் வளைந்து வளைந்து மலையேறி வீட்டுக்கு வரும்போது என் கையில் இருந்த கம்ப்யூட்டர் அறிவு அந்தக் கொப்பி மட்டும்தான்.

அறையைப் பூசை செய்து திறந்தோம். தோட்டத்துக் கோயில் ஐயர் வந்து ஏழு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், சரஸ்வதி படத்துக்குச் சூடம் காட்டினார். உன் அப்பா ஏழு உறை தைத்துக் கொடுத்தார், மஞ்சள் துணியில் சிவப்புக் கரை வைத்து. அதிபர் வாசலில் கோடு கிழித்து, செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். மற்றச் சட்டங்கள் எல்லாம் நான் போட்டவை. கை கழுவிவிட்டு வர வேண்டும். புத்தகத்தைக் கும்பிடுவது மாதிரி மெஷினைத் தொட்டுக் கும்பிட வேண்டும். டீச்சர் சொல்லும்வரை எதையும் தொடக் கூடாது. நான் எப்போது சொன்னேன் என்று கேட்கிறாயா? சொல்லவே இல்லை. முதல் ஒரு வருடம் முழுக்க அந்த ஏழு உறையும் பிள்ளைகளுக்கு முன்னால் கழற்றப்பட்டது மூன்று முறையோ நான்கு முறையோ, அதுவும் தூரத்தில் நிற்க வைத்து, இது மொனிட்டர், இது கீபோர்ட் என்று குச்சியால் காட்டுவதற்கு.

பிறகு எப்படிப் படிப்பித்தேன் என்று கேள். கொப்பியில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தேன், பிள்ளைகள் எழுதினார்கள். கணினி என்பது தரவுகளை உள்ளீடாகப் பெற்று முறைவழிப்படுத்தித் தகவல்களாக வெளியிடும் இலத்திரனியல் சாதனமாகும். முப்பத்தி நான்கு பிள்ளைகளும் தேவாரம் சொல்வது மாதிரி அதை ஒரே குரலில் சொல்வார்கள். டைப் பண்ணப் பழக வேண்டும் என்று வந்தபோது, கடைகளில் பிஸ்கட் பெட்டி அட்டை வாங்கி வரச் சொல்லி, ஆளுக்கொரு கீபோர்ட் கீறவைத்தேன். ஆங்கில எழுத்துகளை வரிசை மாறாமல் எழுதி, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, இவர்கள் அட்டையில் டைப் பண்ணினார்கள். அதில் சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை. கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீட்டில் இருந்தவள், அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவள் விரல் அட்டையில் ஓடுகிற வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தன் பெயர், அம்மா பெயர், தோட்டத்துப் பெயர் எல்லாம் அடிப்பாள். என் பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று வாய் கூசாமல் கூட்டத்தில் சொன்னேன். சொல்லும்போது நம்பியும் இருந்தேன்.

ஏன் தொடவிடவில்லை? அதிபரிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் நான் சொன்ன காரணங்கள் நிறைய. கரன்ட் தோட்டத்து லைனில் வருகிறது, தேயிலை ஸ்டோரில், தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கத் தொடங்கினால் ஸ்கிரீன் சுருங்கி விரிகிறது. ஏதாவது உடைந்தால் பொருட்பட்டியலில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது. பிள்ளைகள் லயத்திலிருந்து சேற்றுக் காலோடு வருகிறார்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் சப்பைக்கட்டு. உண்மையான காரணத்தை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ஒரு பிள்ளை எதையாவது தட்டி, ஸ்கிரீனில் ஏதாவது பெட்டி குதித்து, "டீச்சர் இது என்னங்க?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மலையும் மழையும் பற்றிக் கேட்டால் தூக்கத்தில் பதில் சொல்வேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மெஷினைக் காப்பாற்றவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஏழு உறையையும் தூக்கிப் பார்த்து, நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது என்று புத்தகத்தில் எழுதிவிட்டு, வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளில் ஒருத்தரையாவது கூப்பிட்டு இதை ஓன் பண்ணிக் காட்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வண்டவாளம் வெளியே வந்திருக்கும், எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் அவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஏழு கீபோர்ட்டில் ஆறு புத்தம் புதியது. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் எழுத்துகள் தேய்ந்து, அம்புக்குறி போட்ட கட்டைகள் பளபளத்துக் கிடந்தன. அது உன் கீபோர்ட். நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் டவுனிலிருந்து வருவாய், சனிக்கிழமை காலையில் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வருவாய். சாவி என்னிடம்தான். கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உனக்கு உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் கொப்பி திருத்துவேன். நீ செருப்போடுதான் வந்தாய், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பந்து விளையாட்டு விளையாடுவாய். எதையாவது அழித்துவிட்டு, "அம்மா போச்சு" என்று பயப்படுவாய், பிறகு நீயே தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பாய். ஒருமுறை பெட்டியையே கழற்றி உள்ளே ஊதினாய். நான் பதறவில்லை. என் பிள்ளை படிக்கிறான் என்று இருந்தது. உனக்குப் புத்தி இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு மண்டையில் ஏறியதும் அவர்களுக்கு ஏறாததும் மண்டையால் வந்த வித்தியாசம் இல்லை. ஒருவனுக்கு நான் கதவைத் திறந்தேன், முப்பத்தி நான்கு பேருக்குப் பூட்டினேன். நீ இன்றைக்குச் சம்பளம் வாங்குகிற படிப்பின் முதல் பாடம் அவர்களுக்கென்று வந்த மெஷினில்தான் நடந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சிவரஞ்சனி உயர்தரப் பரீட்சை, ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். தோட்டத்து ஆபீஸில் செக்ரோலைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போவதாகவும், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தரையே எடுக்கப் போவதாகவும் பேச்சு வந்தது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று எழுதும் பெயர்ப்பட்டியல்தான் செக்ரோல், அது அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். திங்கட்கிழமை காலை நேர்முகப் பரீட்சை. சனிக்கிழமை அவள் மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்ததால் ஜன்னலில் தட்டினாள். நான் எழுந்துபோய் ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். "டீச்சர், ஒரே ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போறேங்க. திங்கக்கிழமை இன்டர்வியூ" என்றாள். எனக்குப் பின்னால் நீ ஏதோ ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் அவளிடம், "இன்னைக்கு ரிப்பேர் வேலை நடக்குது. திங்கக்கிழமை பின்னேரம் வா" என்றேன். இன்டர்வியூ முடிந்த பிறகு வா என்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கதவைத் திறந்தால் நீ உள்ளே இருப்பது தெரியும், ஊரெல்லாம் தெரியும். அவள் "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யார் அம்மா என்று நீ கேட்டாய். யாருமில்லை என்றேன்.

திங்கட்கிழமை நடந்ததைத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் பஸ்ஸில் வைத்து எனக்குச் சொன்னார். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றுவது தோட்டத்தில் புதிதில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறாள். பிறகு அதன் முன்னால் உட்காரவைத்துப் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சின்னக் கிளாக்கர் அங்கேயே சிரித்துவிட்டார். பெயரின் முதல் எழுத்தைக் கண்ணால் தேடாமலேயே விரல் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அட்டையில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, இல்லையா? அவள் அட்டையில் அழுத்துவது மாதிரியே அழுத்திப் பிடித்தாள். ஸ்கிரீன் முழுக்க ஒரே எழுத்து, வரி வரியாக ஓடிக்கொண்டே போனது. மெஷினை உடைத்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்து மடியில் வைத்தவள், பிறகு எத்தனை தரம் சொல்லியும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "டீச்சரம்மா, உங்க புள்ளைக்குக் கேட்டதுக்கெல்லாம் பதில் தெரியுது. கை வைக்கத்தான் தெரியல" என்றார் கிளாக்கர். அந்த வேலைக்கு டவுனிலிருந்து ஒரு பையனை எடுத்தார்கள். ரிசல்ட்டிலும் கம்பஸ் போவதற்குக் கொஞ்சம் மார்க் குறைந்தது. அடுத்த மாதம் சிவரஞ்சனி கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள், இன்றைக்கும் போகிறாள்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுதமுடியாது. சனிக்கிழமை உன்னைக் கூட்டிப்போவதை மட்டும் நிறுத்தினேன், உன்னிடம் பரீட்சை நெருங்குகிறது என்று காரணம் சொன்னேன். மற்றபடி உறையும் சட்டமும் அப்படியே இருந்தன. இன்னொன்றும் செய்தேன். சிவரஞ்சனி தன் தங்கையை ஓ.எல். முடித்ததும் நம் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்காமல், பலாங்கொடையில் சித்தி வீட்டுக்கு அனுப்பி அங்கே ஏ.எல். படிக்கவைத்தாள். கொழுந்து எடுத்த சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைக்கிறாளே என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. நம்ம பள்ளிக்கூடம் அவளுக்கு ஆகவில்லையாம், எங்களிடம் படித்துவிட்டு இவ்வளவு திமிரா என்று ஸ்டாஃப் ரூமில் பேசினேன்.

கடைசி வருடம்தான், பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்த பிறகு, இனி யாருக்குப் பயம் என்று உறைகளைக் கழற்றினேன். அதுவும் பெரிய திட்டம் போட்டுச் செய்ததில்லை. கோயில் தேர்த் திருவிழாவுக்கு நோட்டீஸ் வேண்டும் என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். அடியுங்கள் என்று விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன், உள்ளே நின்றால் வாய் சும்மா இருக்காது என்று. இரண்டு மணி நேரத்தில் மூன்று தரம் மெஷின் நின்றுபோனது, தேர் படம் தலைகீழாக வந்தது, ஐயர் பெயர் இரண்டு தரம் வந்தது. எனக்குத் தெரியாது, நீங்களே பாருங்கள் என்று சொன்னேன். எட்டு வருடமாக வாயிலிருந்து வராத அந்த ஒரு வசனத்தைச் சொன்னபோது வானம் இடிந்து விழவில்லை. பின்னேரத்துக்குள் நோட்டீஸ் வந்தது. நீ உன் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வரைவிலக்கணம் எழுதிப்போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், என் பிள்ளைதானே. அதை நிறுத்து. வரலாறு படிக்கிறவனிடம் அவன் ராஜாக்களை வருடப்படி அட்டவணையில் போடச் சொல். தமிழ் படிக்கிறவளிடம் ஒரு கட்டுரையைத் தமிழில் அடித்து, பிழை திருத்தி, அச்செடுத்து வரச் சொல். தோட்டத்துப் பிள்ளை இருந்தால் அவள் லயத்துச் செக்ரோலைப் போடச் சொல், நீ அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட அவள் உனக்குச் சொல்லிக்கொடுப்பது அதிகமாக இருக்கும். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்காமல், என்ன தெரியாது என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் நீயும் என்னைப் போலத்தான் பென்ஷன் வாங்குவாய்.

நீ போனில் அந்தச் செருப்புக் கதையைச் சொன்ன பிறகு எனக்கு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. நேற்று மத்தியானம் முழங்காலைப் பார்க்காமல் கீழ்ப்பிரிவு மலைக்கு நடந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சிவரஞ்சனி கூடையை இறக்கிவிட்டு நின்றாள். என்னைக் கண்டதும் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு, எப்போதும் போல "வாங்க டீச்சர்" என்றாள். சுற்றி ஆட்கள் போனதும் சொன்னேன். "சிவரஞ்சனி, அன்னைக்கு ரிப்பேர் ஒண்ணும் நடக்கல" என்றேன். எட்டு வருடத்துக்கு முந்திய கதை, எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"தெரியுங்க டீச்சர். தம்பி சிரிக்கிற சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு. ரிப்பேர் பண்றவங்க அப்படிச் சிரிக்க மாட்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். கொழுந்துக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, தன் தங்கை கம்பஸ் போய்விட்டாள், உங்களுக்குத் தெரியுமா டீச்சர், கலைப்பீடம், நம்ம தம்பிதான் படித்துக் கொடுக்கிறாராம் என்று சந்தோசமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்கு வருகிறாளாமே என்று கேட்டேன். "நான்தாங்க சொல்லி அனுப்பினேன். டீச்சர் மகன்தானே, அவருக்கும் அதுதான் புடிக்கும்னு. செருப்ப வெளிய வச்சிட்டுப் போ, தொட்டுக் கும்புடு, சொல்ற வரைக்கும் கை வைக்காதன்னு. அவளுக்கு நல்லா டைப் பண்ணத் தெரியும் டீச்சர், பலாங்கொடையில ரெண்டு வருசம் படிச்சா. இருந்தாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். பிறகு அவளே கேட்டாள், "தம்பி ஏதும் சொன்னாருங்களா? ஒழுங்கா நடந்துக்கிறாளாமா?"

மகனே, அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கவில்லை. உனக்காக வைத்துக்கொண்டு இருந்தாள். என் மகன் என்பதற்காக உனக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து நீ வகுப்போடு சேர்ந்து சிரித்திருக்கிறாய். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று உன் சிரிப்பைக் கேட்டாள், தங்கை உனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள். முதல் சிரிப்புக்கு நீ பொறுப்பில்லை, அது என் கணக்கு. இரண்டாவது உன்னுடையது.

சிவரஞ்சனிக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நல்ல புள்ளைன்னு சொன்னான்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. அவளுக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் இது. முதல் பொய்யை இனி ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைத் திங்கட்கிழமைக்குள் நீ உண்மையாக்கு. பையில் வைத்திருக்கிற அந்தக் கடிதத்தை என்ன செய்வதென்று நான் சொல்ல மாட்டேன், நீ சின்னப் பிள்ளை இல்லை.

இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வராதே. அப்பா உனக்கென்று ஆட்டிறைச்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறார், பரவாயில்லை, நாங்கள் சாப்பிட்டுக்கொள்கிறோம். காலையில் லேபுக்குப் போ, மெஷின்களை ஓன் பண்ணி வை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று உன் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடு. அவள் வந்தால், செருப்போடு உள்ளே வா அம்மா என்று சொல். நீ வெளியே போய் நில். கதவை மட்டும் பூட்டாதே.

உன் அம்மா